தேஹு ரோட்டில் யாரும் பால் கொடுக்கவில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், புனாவுக்குப் பக்கத்தில் இருக்கிற தேஹு ரோட்டுத் தமிழ்ப் பெண்கள் யாருமே பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுத்தது கிடையாது. இதை நான் சொல்லவில்லை, காகிதம் சொல்லிற்று. நாற்பத்தொரு பெண்கள். எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள், சிலர் ஐந்தாறு பெற்றவர்கள். எல்லோர் காகிதத்திலும் அந்தக் கேள்விக்கு நேராக 'இல்லை'. எங்கள் பிள்ளைகள் எல்லாம் ராணுவ டிப்போ பக்கமிருந்து அடிக்கிற காற்றைக் குடித்தே ஆளாகிவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த நாற்பத்தொன்றில் முதல் காகிதம் என்னுடையது.

இது எங்கள் கோயில் கமிட்டித் தலைவரால் நடந்தது. தலைவர் வேறு யாருமில்லை, என் கொழுந்தனார்தான், என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி. ஐம்பத்திரண்டு வயது. டிப்போவில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், யாருக்கு ஒன்று என்றாலும் ஓடுவார். ஆனால் மைக்கைக் கண்டால் விடமாட்டார். ஆடிக் கிருத்திகை அன்று அவர் பேசி முடிக்கிற வரைக்கும் முருகனே மயில்மேல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

புனாவில் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு மராத்திப் பெண் அவரைத் தேடி வந்திருக்கிறாள். பெண்களுக்கு மார்பில் வருகிற புற்றுநோயை வராமலே தடுக்க ஒரு ஊசி கண்டுபிடிக்கப் பார்க்கிறார்களாம். அதற்குப் பெண்களின் ரத்தம் கொஞ்சம் வேண்டும், சில கேள்விகளுக்குப் பதிலும் வேண்டும். எல்லாப் பக்கத்துப் பெண்களிடமும் எடுக்கிறோம், உங்கள் தமிழ்ப் பெண்களும் இருந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறாள். கொழுந்தனார் ஹாலையே கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, கோயில் ஹாலில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. அதனால் வாட்ஸ்அப்பில் அவர் போட்ட அறிவிப்பில், 'மகளிர் நல இரத்த முகாம், சிற்றுண்டி உண்டு' என்று மட்டும் இருந்தது. ஹாலுக்குப் பக்கத்திலேயே அம்மன் சன்னதி. அம்மனுக்குச் சிற்பி எதையும் குறைத்துச் செய்யவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல்தான் பாலாபிஷேகமும் நடக்கிறது. கல்லில் இருந்தால் தெய்வம், பேச்சில் வந்தால் அசிங்கம் என்பது கமிட்டித் தீர்மானம்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. இப்போது புனாவிலேயே சாங்வியில் மகளோடு இருக்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது வாத்தியாருக்கே நான் அந்த வகுப்பில் இருந்தது அப்போதுதான் தெரிந்ததாம். மனசுக்குள் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். வெளியே வந்தால் ஊர் தாங்காது என்று உள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு அந்த நோய் வந்தது. இடது பக்கம். சோப்புப் போடும்போது பட்டாணி மாதிரி கையில் தட்டுப்பட்டது. அதை மகளிடம் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆயிற்று, ஏனென்றால் அதற்கு என்ன வார்த்தை சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில், "இங்க ஒண்ணு இருக்குது" என்று ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டினேன். பட்டாணி அதற்குள் எலுமிச்சங்காய் ஆகியிருந்தது. முழுசாக எடுத்துவிட்டார்கள்.

ஊருக்கு என்ன சொல்வது என்று வீட்டில் ஒரு கூட்டம் போட்டோம். மகளுக்கு இரண்டு பெண்கள். பாட்டிக்கு இந்த நோய் என்று தெரிந்தால் வருகிற மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று பயம். அதனால் எனக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னோம். அது கௌரவமான ஆபரேஷன். எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு ஆனது. மருந்து ஏற்றி முடி கொட்டியபோது திருப்பதியில் மொட்டை போட்டேன் என்றோம். பெருமாள் என்னிடம் ஒரு முடிகூட வாங்காமல் பேர் வாங்கிக்கொண்டார். கொழுந்தனார் பிரசாதம் எங்கே என்று கேட்டார். மகள் சாங்வி ஸ்வீட் கடையில் நாலு லட்டு வாங்கிக் கொடுத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்ன இருந்தாலும் அந்த ருசி வேறு எங்கேயும் வராது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

காலியான பக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் ரப்பர் மாதிரி ஒன்று விற்றார்கள். அந்த விலைக்கு நான் இன்னொரு ஆளையே தைத்துவிடுவேன். துணியில் பை தைத்து, கனம் வேண்டுமே என்று கேழ்வரகு போட்டு உள்ளே வைத்துக்கொண்டேன். வெயில் காலத்தில் நன்றாகத்தான் இருந்தது. மழைக்காலம் வந்தது. புனா மழை தெரியும்தானே, சுவரே வியர்க்கும். ஒருநாள் அவிழ்த்துப் பார்த்தால் கேழ்வரகு முளைவிட்டிருந்தது. மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா கூழ் காய்ச்சியிருக்கலாம்" என்றாள். அந்த வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் சாபுதாணாவுக்கு மாறினேன். ஜவ்வரிசி முளைக்காது. ஏகாதசிக்கு அக்கம்பக்கத்து மராத்திக்காரிகள் சாபுதாணா கிச்சடி கொண்டுவந்து கொடுக்கும்போது மட்டும் என்னால் நேராக முகம் பார்த்து வாங்க முடியாது.

இப்போது முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஹாலில் ஒரு மேஜை. ஒரு பக்கம் அந்த மராத்திப் பெண், காகிதமும் பேனாவுமாக. முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். எதிரில் நாங்கள் உட்கார ஒரு நாற்காலி. பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் கொழுந்தனார். மொழிபெயர்ப்பு அவர்தான். கமிட்டியிலேயே அவர் இந்திதான் ஆபீஸ் இந்தி. எங்கள் இந்தி கொத்தமல்லிக் கட்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போதும். மார்புக்கு இந்தியில் என்ன சொல்வது என்று நாங்கள் யாரும் கற்றுக்கொண்டதில்லை. தமிழிலேயே சொன்னதில்லை.

பெண்களின் மார்பைப் பற்றிக் கேட்க ஓர் ஆணை உட்கார வைத்திருக்கிறோமே என்று கமிட்டியில் இருந்த பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோரு பேரும் ஆண்கள், எப்படித் தோன்றும்.

அண்ணி முதலில் வந்தால் மற்றவர்கள் தயங்காமல் வருவார்கள் என்று என்னை முதல் ஆளாக உட்கார வைத்தார். அந்தப் பெண் இந்தியில் கேட்டாள். கொழுந்தனார் என்னைப் பார்க்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்து, "அண்ணி, அந்த இடத்துல கட்டி கிட்டி, ஏதாச்சும் உண்டா?" என்றார். இல்லை என்றேன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் கொடுத்தது உண்டா என்று விசிறியிடம் கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்குப் பின்னால் வந்த நாற்பது பேரும் என்னைப் பார்த்து அதே பாட்டைப் பாடினார்கள். அவர் கம்பீரமாக "நஹி, நஹி" என்று சொல்லிக்கொண்டே போனார். வரிசை வேகமாக நகர்ந்தது. முகாம் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ரத்தம் எடுத்த பிறகு உப்புமா கொடுத்தார்கள். அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாவ்ஷி" என்று கூப்பிட்டாள், சித்தி மாதிரி. அவள் மெதுவாகப் பேசினாள், நானும் பயப்படாமல் கேட்டேன். இந்த ரத்தத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்று என் கொத்தமல்லி இந்தியில் கேட்டேன். அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் டிப்போ கேட்டில் காவல் இருந்தவர், அதனால் எனக்கு எதையும் கேட்டில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

உடம்புக்குள்ளே காவல்காரர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற கிருமியை அவர்களுக்கு அடையாளம் தெரியும். ஆனால் புற்றுநோய் வெளியாள் இல்லை. நம் வீட்டு ஆளே திருடனாக மாறிவிடுகிறான். அதே முகம், அதே நடை. காவல்காரன் சலாம் போட்டு உள்ளே விட்டுவிடுகிறான். ஊசி போடுவது என்பது காவல்காரனிடம் முன்கூட்டியே ஒரு அடையாளத்தைக் காட்டிவைப்பது, இந்த அடையாளத்தோடு எவன் வந்தாலும் பிடி என்று. கஷ்டம் எங்கே என்றால், அந்த அடையாளம் திருடனிடம் மட்டும் இருக்கவேண்டும். மீசை வைத்தவனைப் பிடி என்று சொன்னால் டிப்போவில் வேலையே நடக்காது. அந்த அடையாளத்தைத் தேடுவதுதான் இவர்கள் வேலை. இவளுக்கு முன்னாலும் ஆட்கள் தேடியிருக்கிறார்கள், உலகம் முழுக்கத் தேடுகிறார்களாம்.

இவள் பார்க்கிற அடையாளங்களில் ஒன்று, தாய்ப்பாலில் இருக்கிற ஒரு சத்து. பிள்ளை குடிக்கிற காலத்தில் மட்டும் மார்பு அதைச் செய்யும். பிள்ளை நிறுத்தியதும் அதுவும் நின்றுபோகும். வயதானவளின் உடம்பில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் சில புற்றுநோய்க் கட்டிகளில், என்ன காரணமோ, அது மறுபடியும் தலைகாட்டுகிறதாம்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ரிட்டயர் ஆனவன் யூனிஃபார்ம். என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன அன்றைக்கு யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் எவனாவது அந்தப் பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு கேட்டில் வந்து நின்றால், அவன் டிப்போ ஆள் இல்லை, பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளை பெறுகிற வயதில் இருப்பவளுக்கு இந்த ஊசி ஆகாது, ஏனென்றால் அவளிடம் அந்த யூனிஃபார்ம் நியாயமாகவே இருக்கும். பெற்று முடித்தவளுக்குத்தான்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் உப்புமாவைக் கீழே வைத்துவிட்டு, நாலு வருஷமாக இதைத்தான் எல்லோருக்கும் விளக்கப் பார்க்கிறேன், இப்படிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்றாள். பிறகு, இதெல்லாம் நடந்தால்தான் மாவ்ஷி, எல்லாக் கட்டியிலும் அது இருப்பதில்லை, காவல்காரன் பிடிப்பானா என்பதும் தெரியாது, எத்தனை வருஷம் ஆகுமோ என்றாள். எங்கள் ரத்தத்தில் பார்ப்பது, காவல்காரர்களில் எவனுக்காவது அந்த யூனிஃபார்மை ஏற்கெனவே தெரிந்திருக்கிறதா என்று. அதனால்தான் எத்தனை பிள்ளைக்கு, எத்தனை மாதம் பால் கொடுத்தோம் என்ற கணக்கு முக்கியம். எல்லாவற்றையும்விட முக்கியம், நோய் வந்து பிழைத்தவளின் ரத்தம். அவளுடைய காவல்காரர்கள் திருடனை நேரிலேயே பார்த்தவர்கள்.

"இங்கே அப்படி ஒருத்தர்கூட இல்லை," என்று அவள் இந்தியில் சொன்னாள். அதில் வருத்தம்தான் இருந்தது. உடனே, இல்லாதது நல்லதுதானே என்று தன்னையே திருத்திக்கொண்டாள்.

என் வாயில் உப்புமா இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். போன வருஷம்தான் அவளுக்கும் ஒரு கட்டி வந்தது. ஊசியால் குத்திப் பார்த்து, வெறும் நீர்க்கட்டி என்றார்கள். அந்தப் பதில் வருவதற்குள் இருந்த ஐந்து நாளும் அவள் தேய்த்த பாத்திரங்களையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்கிற கேள்வி, உங்கள் அம்மாவுக்கு உண்டா என்பது. அவள் ஆமாம் என்று சொல்லும்போதெல்லாம் நான் அவளுக்குக் கொடுத்த சீர்வரிசையில் இதுவும் ஒன்று போல எனக்கு இருக்கும்.

"ஒனக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டு வந்தியா?" என்றாள்.

கொழுந்தனார் பக்கத்தில் இருந்தாரே என்றேன்.

"என் பொண்ணுங்களுக்கு நாளைக்கு ஒரு ஊசி வந்தா, அதுல ஒன் ரத்தமும் ஒரு சொட்டு இருக்கும்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். நீ சித்தப்பாவுக்கு வெக்கப்பட்டுக்கினு வந்து நிக்கிற."

அவளே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம், விஷயம் எப்படியாவது தேஹு ரோட்டுக்குப் போய்விடும், பேத்திகளின் கல்யாணம் என்ன ஆவது என்று தடுத்தேன். கல்யாணம் ஆகாமல் இருக்கிறவளைவிட மார்பு இல்லாமல் இருக்கிறவள் மேலா என்று கேட்டுவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் சாபுதாணாப் பையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு இருந்தேன்.

நாலாம் நாள் கொழுந்தனாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. விவரங்களில் ஏதோ கோளாறாம், அடுத்த ஞாயிறு எல்லோரும் மறுபடி வரவேண்டுமாம். உண்மையில் நடந்தது என்ன என்பதை அந்தப் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். காகிதங்களைப் பார்த்த அவளுடைய மேலதிகாரி, இந்த ஊரில் மாடுதான் பிள்ளை வளர்க்கிறதா என்று கேட்டிருக்கிறார். விவரம் இல்லாத ரத்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நாற்பத்தொரு குழாயையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டாராம்.

அந்த ஞாயிறும் போனேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பெண்ணின் காதில் மட்டும் சொல்லிவிடலாம் என்று திட்டம். இந்தியில் என்ன வார்த்தை என்பதைக்கூட மகளிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் சாங்வியிலிருந்து தேஹு ரோடு வரைக்கும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் ஏதோ ஸ்லோகம் சொல்வதாக நினைத்து பக்கத்தில் இருந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஹாலில் நுழைந்தால் அதே மேஜை, அதே மூன்று நாற்காலி. அதில் ஒன்றில் கொழுந்தனார், இந்த முறை தன் கையிலும் ஒரு பேனாவோடு. போன வாரம் கோளாறு ஆனதற்குக் காரணம் தான் போதுமான அளவு விளக்கமாகக் கேட்காததுதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். வரிசையில் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள். இன்னும் ஒரு 'நஹி' ஊர்வலம் புறப்படத் தயார். அந்த மராத்திப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் எழுத வராத பிள்ளையின் முகம்.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

நான் உட்கார்ந்து, "தம்பி, நீங்க கொஞ்சம் அப்பால போறீங்களா, நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னா அண்ணி, என்னாண்ட இன்னா வெக்கம்? நான் இன்னா வெளியாளா? உங்க புள்ள மாதிரிதானே."

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

எனக்கு மூத்த மகன் பிறந்தபோது நாங்கள் டிப்போ குவார்ட்டர்ஸில் இருந்தோம், ஒரு அறையும் சமையலறையும். அப்போது என் மாமியாரும் முழுகாமல் இருந்தார். நாற்பத்தைந்து வயதில், மருமகளோடு சேர்ந்து. ஊரில் இருந்தால் சிரிப்பார்கள் என்று ஆரணியிலிருந்து ரயிலேறி எங்களிடம் வந்துவிட்டார். எனக்குப் பிறந்து இருபதாம் நாள் அவருக்குப் பிறந்தது. பிறந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. டின் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிறு போய் எலும்பாகிவிட்டது. ஒரு மத்தியானம் மாமியார் கதவைச் சாத்தினார். முந்தானைக்குள்ளிருந்து குழந்தையை எடுத்து என் மடியில் போட்டார். போட்டுவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குடித்து முடித்ததும் திரும்ப முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பத்து மாதம் இப்படி, ஒரு நாளைக்கு நாலைந்து தரம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று விளக்கில் அடித்துச் சத்தியம் வாங்கினார். என் வீட்டுக்காரருக்கே தெரியாது. என் மகன் நாகரிகமாகக் குடிப்பான். இவர் அப்போதே தலைவர், முடிகிற வரைக்கும் விடமாட்டார்.

மாமியார் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. விளக்கும் எங்கே போயிற்றோ. சத்தியத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதர்தான் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை மாதிரி என்கிறார்.

"மாதிரி இல்ல தம்பி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விசிறியைப் பார்த்து, எத்தனை பிள்ளைகளுக்கு அண்ணி, என்று ஆரம்பித்தார்.

"மூணு. எழுதிக்கச் சொல்லுங்க. ரெண்டு என்னுது."

"மூணாவது யாரு?"

"நீதான்."

ஐம்பது வருஷமாக அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பால் இல்லை, பத்து மாதம் என்னிடம்தான் குடித்தாய் என்றேன். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, ஆட்டோவில் மனப்பாடம் செய்த வார்த்தையை இந்தியில் சொன்னேன். அது எனக்கு வந்தது, எட்டு வருஷம் ஆகிறது, இடது பக்கம் முழுசாக எடுத்துவிட்டார்கள், கர்ப்பப்பை பத்திரமாக இருக்கிறது. கொழுந்தனாருக்குத் தமிழில் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொன்னேன்.

"அந்த லட்டுகூட திருப்பதி இல்ல. சாங்வி."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, ஏன் தூக்கினார் என்று தெரியாது, ஹாலைத் தாண்டி வெளியே செருப்புகள் விடுகிற இடத்துக்குப் போய், அதைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குப் பின்னால் நின்றவள் ரயில்வே லைன் பக்கத்தில் இட்லி விற்கிறவள். குனிந்தே இருக்கிற பெண். அவள் வந்து மேஜையைத் தட்டி, "மேரா பீ லிக்கோ, பாஞ்ச்" என்றாள். என்னுடையதையும் எழுது, ஐந்து. அதற்கப்புறம் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விரலைக் காட்டினார்கள், ஜாக்கெட்டைக் காட்டினார்கள். ஒருத்தி, தன் நாத்தனார் குழந்தைக்கும் கொடுத்தேன், அவள் இன்றுவரை அதற்கு ஒரு புடவைகூட எடுத்துக் கொடுக்கவில்லை என்று அதையும் எழுதச் சொன்னாள். இரண்டு பேர் தங்களுக்கு இப்போது கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர்களைத் தனியாக உட்கார வைத்து, எந்த ஆஸ்பத்திரிக்கு, என்றைக்குப் போகவேண்டும் என்று முதலில் அதைப் பேசினாள். மத்தியானத்துக்குள் தேஹு ரோட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பால் குடித்து முடித்தார்கள்.

கடைசியில் அந்தப் பெண் என்னிடம் இன்னொரு காகிதத்தை நீட்டினாள். என்னிடமிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்துப் பத்திரமாக வைத்திருப்பார்களாம். நான் சம்மதித்தால் அதிலும் அந்த யூனிஃபார்ம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். எட்டு வருஷமாக அது ஒரு அலமாரியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் என்னவோ எரித்திருப்பார்கள் என்று நினைத்து, என் மற்ற பாகம் போகிறபோது அதற்குத் துணை இருக்காதே என்றுகூடக் கவலைப்பட்டிருக்கிறேன். தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தெரிந்தால் சொல்வாயா என்று கேட்டேன். ஒருத்தருக்கு என்று தனியாகச் சொல்ல மாட்டார்களாம், எல்லோருடையதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். சரி, ரேஷன் மாதிரி என்று விட்டுவிட்டேன்.

மகளிடம் போய்ச் சொன்னேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவளாகப் போட்டுக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரிய பேத்தி ஆபீசிலிருந்து வந்ததும், அவளுக்கும் சொன்னோம். கல்யாணம் நிற்குமே என்று நான் இழுத்தேன். அவள் தட்டுத் தடுமாறித் தமிழில், "அதுக்கு ஓடுற பையன் எனக்கு வேணா பாட்டி" என்றாள். அவள் தமிழ் இவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை.

கொழுந்தனார் மூன்று வாரம் வரவில்லை. கோயிலிலும் மைக்கைத் தொடவில்லையாம். முருகன் சீக்கிரம் வீடு திரும்புகிறார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு உள்ளே உறுத்தல்தான். நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நாலு பேர் நடுவில்தானே அவரும் கேட்டார்.

நாலாவது ஞாயிறு காலையில் கதவைத் தட்டினார். தனியாக வந்திருந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, விசிறியைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சமையலறைக்குப் போய்விட்டாள். போய்விட்டாள் என்றால், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

கேளுங்கள் என்றேன்.

"எனக்கு எந்தப் பக்கம் குடுத்தீங்க?"

யாரும் கேட்காத கேள்வி, அந்தப் பெண்ணின் காகிதத்தில்கூட இல்லை. நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் மகனை வலது பக்கம் போட்டுக்கொள்வேன். மாமியார் கொண்டுவரும்போது காலியாக இருப்பது இடது பக்கம். அது இவருடையதாகவே ஆகிவிட்டது.

"எடது பக்கம்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. டீ தட்டில் சிந்தியது. "அப்போ என்னாலதான் அது வந்துச்சா அண்ணி?" என்றார். ஐம்பத்திரண்டு வயது ஆள், சூப்பர்வைசர், கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். பால் கொடுத்ததால் வருகிற நோய் இல்லை இது, கொடுத்தது நல்லதுதான் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அதை எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏண்டா," என்றேன், "அதுக்கும் நீதான் தலைவரா?"

கதவுக்குப் பின்னால் மகள் சிரித்துவிட்டாள். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு தட்டில் சிந்திய டீயையும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, முடிகிற வரைக்கும் விடாமல், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று டம்ளரை நீட்டினார்.